மெக்கரில் 200 மெகா ஓம் காட்டிய மோட்டார் நாலு நாளில் எப்படி எரிந்தது?

3 மே 2023, காலை 8:15 (கேள்வி)

எங்கள் தோட்டத்துக் கிணற்றில் 5 எச்பி மோனோபிளாக் மோட்டார். 415 வோல்ட், டெல்டா (மூன்று ஃபேஸ் காயிலும் முக்கோணமாக இணைத்தது). போன வாரம் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மெக்கர் (இன்சுலேஷன் தடை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தோம், 200 மெகா ஓம் காட்டியது. "காயில் நல்லா கெட்டியா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நாலாம் நாள் மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. அப்படியென்றால் மெக்கர் பார்ப்பதே வீணா? காயில் உள்ளே கெட்டுக்கொண்டு வருவதை முன்கூட்டியே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியுமா, முடியாதா?

3 மே 2023, இரவு 9:40

வீணில்லை. ஆனால் அதனிடம் எதைக் கேட்கிறோம் என்று தெரிந்து கேட்க வேண்டும்.

மெக்கரின் ஒரு வயர் காயிலில், இன்னொன்று பாடியில். 500 வோல்ட் டிசி ஏற்றும்போது முதல் சுற்றிலிருந்து கடைசிச் சுற்று வரை காயில் முழுவதும் அதே 500 வோல்ட்டில் நிற்கும். சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே வித்தியாசம் பூஜ்யம். பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகளில் எனாமல் உரிந்து செம்பும் செம்பும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் மெக்கருக்கு அது தெரிய வழியே இல்லை. காயிலுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள ஸ்லாட் பேப்பர் நன்றாக இருந்தால் 200 என்ன, 2000 மெகா ஓம் கூடக் காட்டும்.

நான் கோவைப் பக்கம் நூல் மில் பராமரிப்பில் இருப்பவன். எங்களுக்கு மோட்டார் கட்டித் தரும் பெரியவர் இதை ஒரே வரியில் சொல்வார்: "அது பாடியைப் பாக்குற மிசினுங்க, சுத்தைப் பாக்காது."

ஒரு வேண்டுகோள். எரிந்த காயிலை உளி வைத்து வெட்டுவதற்கு முன் வைண்டிங் கடைக்குப் போய் போட்டோ எடுத்துவிடுங்கள், இரண்டு பக்க ஓவர்ஹேங்கும் (ஸ்லாட்டுக்கு வெளியே நீட்டி நிற்கும் காயில் பகுதி) தெரிகிற மாதிரி. வெட்டி எடுத்துப் பழைய செம்பு எடைக்குப் போய்விட்டால் காரணமும் அதோடு போய்விடும்.

4 மே 2023, காலை 7:05

போட்டோவில் என்ன பார்ப்பது என்று கேட்டிருந்தீர்கள்.

மூன்று ஃபேஸும் ஒரே மாதிரி கறுத்திருந்தால் ஓவர்லோடு, அல்லது பம்ப் இறுகி மோட்டார் சுற்றாமல் நின்றிருக்கிறது, அல்லது வோல்டேஜ் ரொம்பக் குறைவு. ஸ்டார் கனெக்‌ஷனில் இரண்டு ஃபேஸ் கருகி ஒன்று புதுசு போல இருந்தால் சிங்கிள் ஃபேசிங், அதாவது ஒரு லைன் போய் மீதி இரண்டில் ஓடியது. டெல்டாவில் சிங்கிள் ஃபேசிங் என்றால் இது தலைகீழ்: ஒரு ஃபேஸ் கருகும், மற்ற இரண்டும் தப்பிக்கும். எங்கோ ஒரு காயிலில் மட்டும் பொசுங்கி, மற்றதெல்லாம் வார்னிஷ் பளபளப்போடு இருந்தால் அதுதான் சுற்றுக்குச் சுற்று ஷார்ட்.

7 மே 2023, இரவு 10:20

போட்டோ பார்த்தேன். பெரிதாக்கிப் பார்த்ததில் மூன்று விஷயம் தெரிகிறது.

ஓவர்ஹேங்கின் மேல்பக்கம், ஸ்லாட்டை விட்டு வயர் வெளியே வளைகிற இடத்தில் ஒரு காயிலில் விரல் நுழையும் அளவுக்குக் குழி. குழியின் ஓரத்தில் கடுகளவு செம்பு மணிகள் உருகி உறைந்திருக்கின்றன. அதைச் சுற்றி ஸ்லீவ் சாம்பலாகி உதிர்ந்திருக்கிறது. இது சுற்றுக்குச் சுற்று ஷார்ட்; சந்தேகமில்லை.

ஆனால் அதே ஃபேஸின் மற்ற காயில்களைப் பாருங்கள். கருகவில்லை, ஆனால் வார்னிஷ் காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்திருக்கிறது. பக்கத்து இரண்டு ஃபேஸும் இன்னும் தேன் நிறம். ஒரே நாளில் வந்த நிறமில்லை இது. அந்த ஒரு ஃபேஸ் மட்டும் பல மாதங்களாக மற்றதைவிடச் சூடாக ஓடியிருக்கிறது. சூட்டில் எனாமல் மொறுமொறுப்பாகி, ஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் காயில் அதிர்வதில் உரசி, கடைசியில் ஓர் இடத்தில் விட்டுவிட்டது. ஷார்ட் கடைசிக் கட்டம்தான்.

ஒரு ஃபேஸ் மட்டும் ஏன் சூடானது? வோல்டேஜ் மூன்றும் அளந்து போடுங்கள், ஓடும்போது.

8 மே 2023, மதியம் 1:30

கணக்கு கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். 5 எச்பி மோட்டாருக்கு ஒத்து வருகிற எண்களை வைத்துக்கொள்வோம்: ஃபேஸுக்கு 240 சுற்று, வயர் 1 மில்லிமீட்டர் விட்டம், ஒரு சுற்றின் நீளம் 60 சென்டிமீட்டர்.

415-ஐ 240-ஆல் வகுத்தால் ஒரு சுற்றுக்கு சுமார் 1.7 வோல்ட். ஒரு பேட்டரி செல் அளவு. இதனால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். ஆனால் அந்த ஒரு சுற்றின் தடை 0.013 ஓம்தான். இரண்டு முனையும் முழுசாக ஒட்டிக்கொண்டால் அது டிரான்ஸ்ஃபார்மரின் ஷார்ட் ஆன செகண்டரி: 1.7 வகுத்தல் 0.013, சுமார் 130 ஆம்பியர். ஃபேஸில் ஓட வேண்டியது 4.3 ஆம்பியர். காந்த லீக்கேஜ், சூட்டில் ஏறும் தடை எல்லாவற்றுக்கும் கழித்துப் பாதியாக வைத்தாலும் அந்த வயர் விநாடிக்கு முப்பது டிகிரிக்கு மேல் சூடேறும். பக்கத்துச் சுற்றின் எனாமல் எத்தனை விநாடி தாங்கும்?

இப்போது அதே ஒட்டு அரைகுறையாக, 0.1 ஓம் தொடுதடையோடு இருக்கிறது என்று வையுங்கள். கரன்ட் 15 ஆம்பியராகக் குறையும். ஆனால் அந்த ஒரு புள்ளியில் மட்டும் இருபது வாட்டுக்கு மேல் இறங்கும். ஊசிமுனை இடத்தில் சால்டரிங் அயர்ன் வைத்த மாதிரி. அதுவே ஒட்டை முழுசாக்கிவிடும்.

8 மே 2023, மதியம் 1:55

விட்டுப்போனது: ரெசிஸ்டன்ஸ் அளந்து பிடிக்க முடியாதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 240-இல் ஒரு சுற்று போனால் அந்த ஃபேஸின் தடை 0.4 சதவீதம் குறையும். செம்பு ஒரு டிகிரி சூடேறினாலே தடை கிட்டத்தட்ட அதே 0.4 சதவீதம் ஏறும். காலை வெயில் ஒரு பக்கம் பட்ட மோட்டாரில் இதைப் பிரித்தறிய முடியாது.

13 மே 2023, இரவு 8:50

ஓடும்போது ஆம்பியர் பார்த்துப் பிடிக்கலாமே என்பதுதான் அடுத்த கேள்வி. புத்தகத்தில் இதற்குப் பெயர் நெகட்டிவ் சீக்வென்ஸ் கரன்ட். மூன்று ஃபேஸும் சமமாக இருந்தால் அது இராது. சமம் குலைந்தால் வரும். 1985-இல் வில்லியம்சன், மிர்சோயன் இருவரும் ஸ்டேட்டர் காயில் பழுதுகளுக்கு எழுதிய ஆய்விலிருந்து, 2002-இல் டல்லம், ஹபெட்லர், ஹார்லி கொடுத்த கணித மாடல் வரை அடிப்படை இதுதான்: ஷார்ட் ஆன சுற்றில் ஓடும் கரன்ட், ஷார்ட் ஆன சுற்றுகளின் விகிதத்தால் சுருங்கி வெளியே தெரியும்.

நம் மோட்டாரில் போட்டுப் பார்ப்போம். 130 ஆம்பியர் வகுத்தல் 240, சுமார் 0.54 ஆம்பியர். அதில் மூன்றில் ஒரு பங்குதான் நெகட்டிவ் சீக்வென்ஸாக வரும், 0.18. ஃபேஸ் கரன்டில் 4 சதவீதம். இது முழு ஷார்ட்டுக்கு, அதாவது காயில் சில விநாடிகளில் போகப்போகிற நிலைக்கு. 15 ஆம்பியர் அரைகுறை ஒட்டுக்குப் போட்டால் அரை சதவீதம்.

எதிர்ப்பக்கம் என்ன இருக்கிறது? சப்ளையில் வோல்டேஜ் 1 சதவீதம் சமம் குலைந்தாலே மோட்டார் கரன்ட் 6 முதல் 10 சதவீதம் குலையும். நெகட்டிவ் சீக்வென்ஸ் வோல்டேஜுக்கு ஓடுகிற மோட்டாரும் நிற்கிற மோட்டார் மாதிரிதான். எதிர்ப்பு மிகக் குறைவு. தோட்டத்து லைன் கடைசியில் 1 சதவீதத்துக்குள் யாருக்காவது வோல்டேஜ் வருகிறதா? நாம் தேடுகிற 4 சதவீதம் அந்தக் கூட்டத்தில் காணாமல் போய்விடும்.

பிரிக்க ஒரு எளிய வழி உண்டு. டாங் டெஸ்டர் (வயரைக் கவ்வி ஆம்பியர் காட்டும் மீட்டர்) போதும். மூன்று லைனிலும் ஆம்பியர் எழுதிக்கொள்ளுங்கள். மெயினை ஆஃப் செய்து, மோட்டாருக்குப் போகும் மூன்று வயரையும் ஒரே திசையில் ஒரு இடம் தள்ளி மாட்டுங்கள்: ஒன்று இரண்டுக்கு, இரண்டு மூன்றுக்கு, மூன்று ஒன்றுக்கு. மூன்றையும் நகர்த்துவதால் சுற்றும் திசை மாறாது. திரும்ப ஓட்டி அளங்கள். இன்னொரு தடவையும் நகர்த்தி அளங்கள். அதிக ஆம்பியர் அதே லைனோடு நின்றால் கோளாறு சப்ளையில். மோட்டார் வயரோடு நகர்ந்தால் கோளாறு காயிலில். ஓசூரிலிருந்து எழுதியவர் இரண்டு வயரை மட்டும் மாற்றிப் பார்த்ததாகச் சொன்னார். அப்படிச் செய்தால் பம்ப் தலைகீழாகச் சுற்றும், லோடே மாறிவிடும், ஒப்பிடவே முடியாது.

14 மே 2023, காலை 6:40

உங்கள் வோல்டேஜ் பார்த்தேன்: 418, 409, 394. சராசரி 407. அதிலிருந்து மிக விலகியது 394, விலகல் 13. 13 வகுத்தல் 407, அதாவது 3.2 சதவீதம். இதன் வர்க்கத்தின் இரண்டு மடங்கு, சுமார் 20 சதவீதம், மிக அதிக கரன்ட் ஓடும் ஃபேஸின் வெப்ப உயர்வில் கூடும் என்பது மோட்டார்க்காரர்கள் வைத்திருக்கும் கைக்கணக்கு. 80 டிகிரி ஏற வேண்டியது 96 ஏறும்.  

29 மே 2023, இரவு 11:10

"கரன்ட் சிக்னேச்சர் (ஓடும் கரன்டின் அலையில் பழுதின் அடையாளம்) பார்க்கிற கருவி மாட்டினால் மூன்று மாதம் முன்பே சொல்லிவிடும் என்று விற்க வந்தவர் சொல்கிறார், வாங்கலாமா" என்று ஒருவர். எந்தக் கம்பெனி என்று எழுத வேண்டாம், பொதுவாகவே சொல்கிறேன்.

ரோட்டர் பார் உடைசலுக்கு அந்த முறை அருமையானது. 50 ஹெர்ட்ஸுக்கு இரண்டு பக்கமும் ஸ்லிப்பின் (ரோட்டர் பின்தங்கும் அளவு) இரண்டு மடங்கு தள்ளி வரும் சைடுபேண்டு, பார் உடைந்து பல மாதம் ஓடும் மோட்டாரிலும் தெளிவாகத் தெரியும். பெரிய எச்டி (உயர் அழுத்த) மோட்டார்களில், 6.6 கேவி, 11 கேவி வகையில், காயிலுக்கு மைக்கா சுற்றியிருக்கும். மைக்கா பார்ஷியல் டிஸ்சார்ஜை (இன்சுலேஷனுக்குள் நடக்கும் சின்னச் சின்னப் பொறி) தாங்கிக்கொண்டே மெதுவாகத் தேயும். அங்கே ஓடும்போதே அளந்து, பல மாதப் போக்கைப் பார்த்து ஷட்டவுனில் சரிசெய்யலாம். பவர் பிளான்ட்களில் அது பல வருஷமாக நடக்கும் வேலை.

415 வோல்ட் எனாமல் வயர் மோட்டாரில் சுற்று ஷார்ட்டை மூன்று மாதம் முன்பே பிடிப்பது என்பதை நான் நம்பவில்லை. காரணம் மேலே போட்ட அதே கணக்கு. ஒட்டு அரைகுறையாக இருக்கும்போது வெளியே தெரிவதில்லை. தெரியும் அளவுக்கு வந்தபின் நேரம் மிச்சமில்லை. ஆய்வுக்கூடத்தில் அழகாகத் தெரிகிறதே என்றால், அங்கே காயிலில் இருந்து டேப் எடுத்து, சில சுற்றுகளை ஒரு வெளி ரெசிஸ்டர் வழியாக ஷார்ட் செய்வார்கள். மோட்டார் எரிந்துவிடாமல் இருக்க அந்த ரெசிஸ்டர் வேண்டும். ஆனால் அதுவேதான் பழுதை மணிக்கணக்கில் அதே நிலையில் நிறுத்தியும் வைக்கிறது. நம் கிணற்று மேட்டில் யார் நிறுத்தி வைப்பது? மாடலில் பிழையில்லை. பழுது எவ்வளவு நேரம் அந்த நிலையில் நிற்கும் என்பதை மாடல் சொல்வதில்லை.

அப்படிக் கருவி வைத்தால் ஒரு லாபம் உண்டு: சரியான நேரத்தில் டிரிப் ஆனால் செம்பு உருகி கோரை (காயில் உட்கார்ந்திருக்கும் இரும்புத் தகடு அடுக்கு) தின்பதற்குள் மோட்டார் நிற்கும். காயில் மாற்றலாம், கோரை மாற்ற முடியாது. அந்தக் கணக்கில் வாங்குவதென்றால் வாங்குங்கள்.

2 ஜூன் 2023, இரவு 9:15

"அப்படியென்றால் எதைத்தான் கண்காணிப்பது" என்று கோபமாகக் கேட்டிருக்கிறீர்கள். நியாயம்தான்.

சூட்டை. என் அனுபவத்தில் சின்ன மோட்டாருக்கு இதைவிடப் பயனுள்ள மாடல் இல்லை. சூட்டில் இன்சுலேஷனின் ஆயுள் எப்படிக் குறையும் என்று 1930-இல் மான்ட்சிங்கர் டிரான்ஸ்ஃபார்மர்களுக்குச் சொன்னார்; 1948-இல் டேக்கின் என்பவர் அதை வேதிவினையின் வேகக் கணக்கோடு பொருத்திக் காட்டினார். நாம் கைக்கணக்காக 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்று வைத்துக்கொள்கிறோம். உங்கள் மோட்டாருக்கு 16 டிகிரி கூடுதல் என்று பார்த்தோம். ஆயுள் மூன்றில் ஒன்று. ஒன்பது வருஷம் ஓட வேண்டிய காயில் மூன்று வருஷத்தில் போகும். ஒரு ஃபேஸின் காப்பிக்கொட்டை நிறத்துக்கு இதுவே பெரும்பகுதி விளக்கம்.

காயிலின் சூட்டைத் தெரிந்துகொள்ள உள்ளே சென்சார் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. காலையில் மோட்டார் ஆறிக் கிடக்கும்போது இரண்டு டெர்மினலுக்கு நடுவே தடை அளங்கள், சுற்றுப்புற வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். நன்றாக ஓடிச் சூடானபின் நிறுத்தி, உடனே அதே டெர்மினல்களில் அளங்கள். செம்புக்கு 234.5 என்ற எண்ணைக் கூட்டிக் கணக்கிட வேண்டும். உதாரணம்: 30 டிகிரியில் 2.10 ஓம், சூட்டில் 2.73 ஓம். விகிதம் 1.3. 264.5-ஐ 1.3-ஆல் பெருக்கினால் 343.9, அதில் 234.5 கழித்தால் 109 டிகிரி. இது சராசரி, உள்ளே மிகச் சூடான இடம் இன்னும் பத்து டிகிரி கூட இருக்கலாம். இன்சுலேஷன் கிளாஸ் (எவ்வளவு சூடு தாங்கும் என்ற வகை) பி ஆன காயிலுக்கு எல்லை 130, எஃப் என்றால் 155. சாதாரண மல்டிமீட்டர் இதற்கு ஆகாது, அதன் வயரின் தடையே கணக்கைக் கெடுத்துவிடும். நாலு வயர் ஓம்மீட்டர் வைண்டிங் கடைகளில் கிடைக்கும்.

எஃப் கிளாஸ் வயர் போட்டேன் என்று கடைக்காரர் சொன்னால் அதோடு விடாதீர்கள். ஸ்லாட் பேப்பர், ஸ்லீவ், வார்னிஷ் என்ன கிளாஸ் என்றும் கேளுங்கள். நாலில் எது குறைவோ அதுதான் மோட்டாரின் கிளாஸ்.

19 ஜூலை 2023, இரவு 10:00

சர்ஜ் டெஸ்ட் பற்றி இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் அது ஒன்றுதான் சுற்றைப் பார்க்கும் என்கிறார், மற்றவர் அது நல்ல காயிலையும் கெடுத்துவிடும் என்கிறார்.

முதலாமவர் சொல்வது சரி. வேகமாக ஏறும் வோல்டேஜ் அலையை காயிலில் அடிக்கும்போது சுற்றுக்குச் சுற்று வித்தியாசம் உண்டாகும். மூன்று ஃபேஸின் அலைவடிவையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால், ஷார்ட் உள்ளது விலகி நிற்கும். ஏன் அவ்வளவு வோல்டேஜ் என்றால், எனாமல் விரிசல் விட்ட இடத்தில் நடுவே காற்றாவது இருக்கும். எவ்வளவு சின்ன இடைவெளியானாலும் காற்றில் 330 வோல்ட்டுக்குக் கீழே பொறி பாயாது. அதற்கு மேல் போனால்தான் பலவீனம் வெளியே வரும். பழைய மோட்டாருக்கு வழக்கத்தில் இருக்கும் கணக்கு லைன் வோல்டேஜின் இரண்டு மடங்கோடு ஆயிரம்: 415-க்கு 1830 வோல்ட்.

கெடுத்துவிடும் என்பவருக்கு: 1830 வோல்ட்டில் விழுகிற காயில் அடுத்த காண்டாக்டர் அதிர்விலோ இடி மின்னலிலோ விழப்போகிற காயில். அது வைண்டிங் கடை மேஜையில் விழுவது நல்லது. ஆனால் ஈரமான காயிலில் அடிக்காதீர்கள். முதலில் மெக்கர், பிறகு உலர்த்தல், பிறகுதான் சர்ஜ். மெக்கர் வீணா என்ற முதல் கேள்விக்கு இதுவும் ஒரு பதில்.

20 ஜூலை 2023, காலை 7:30

டிரைவ் (மோட்டார் வேகத்தை மாற்றும் மின்னணுப் பெட்டி) மாட்டிய மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும். 415 வோல்ட் டிரைவின் டிசி பஸ் 587 வோல்ட். கேபிள் நீளமானால் அலை மோட்டார் முனையில் மோதித் திரும்பி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, 1175 வரை போகும். அதன் பெரும்பங்கை முதல் சில சுற்றுகளே தாங்குகின்றன. எங்கள் மில்லில் டிரைவில் ஓடிப் பழுதான காயில்களைப் பிரித்தால் பெரும்பாலும் லீட் வயர் பக்கத்துக் காயிலில்தான் குழி. டிரைவை மோட்டாருக்குப் பக்கத்தில் வையுங்கள். முடியாவிட்டால் அவுட்புட் ஃபில்டர் போடுங்கள்.

22 ஜூலை 2023, இரவு 9:35

கேள்வி கேட்ட நண்பர் இப்போதுதான் சொல்கிறார்: மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்தில் கண்டன்சர் பெட்டி போட்டு இருமுனையில் ஓட்டுவது உண்டாம், கோடையில் தினமும்.

ஒரு ஃபேஸ் மட்டும் ஏன் சூடானது என்று மே 7-ஆம் தேதி நான் கேட்ட கேள்விக்கு மீதி விடை இதுதான். கண்டன்சர் மூன்றாவது ஃபேஸை உண்டாக்கித் தருகிறது என்பது உண்மை. ஆனால் ஒரு குறிப்பிட்ட லோடுக்குத்தான் அது சமமாக இருக்கும். கிணற்றில் தண்ணீர் இறங்க இறங்க பம்பின் லோடு மாறும்; கண்டன்சரின் அளவு மாறாது. சில வருஷத்தில் கண்டன்சரே மைக்ரோஃபாரட் குறையும். ஒரு ஃபேஸில் ஆம்பியர் ஏறிக்கொண்டே போகும், ஓவர்லோடு ரிலேயை யாராவது மேலே திருகி வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். பயிர் வாடும்போது ஓட்டாதே என்று சொல்ல எனக்கு மனம் வராது. நானும் தோட்டக் குடும்பம். ஓட்டுவதானால் மூன்று லைனிலும் டாங் டெஸ்டர் வைத்து, எதிலும் நேம்பிளேட் ஆம்பியரைத் தாண்டாதபடி கண்டன்சரைக் கூட்டிக் குறைத்து, தண்ணீர் மட்டம் இறங்கியதும் மறுபடி பாருங்கள். தாண்டினால் வால்வைக் கொஞ்சம் மூடுங்கள். தண்ணீர் குறையும், காயில் பிழைக்கும்.

11 நவம்பர் 2023, காலை 8:00

மழை தொடங்கியதும் மெக்கர் கேள்விகள் திரும்ப வருகின்றன. "ரெண்டு மெகா ஓம் காட்டுது, ஸ்டார்ட் பண்ணலாமா அண்ணா" என்று ஒரு தம்பி. வேண்டாம் தம்பி. இன்சுலேஷன் தடை சோதனைக்கான ஐஇஇஇ 43 தரப்படி 1000 வோல்ட்டுக்குக் கீழான எனாமல் வயர் காயிலுக்குக் குறைந்தது 5 மெகா ஓம், அதுவும் 40 டிகிரிக்குத் திருத்தியது. 10 டிகிரி கூடினால் இன்சுலேஷன் தடை பாதியாகும். நீங்கள் 30 டிகிரி காலையில் அளந்த 2, நாற்பதில் 1 ஆகிவிடும்.

இரண்டு 100 வாட் குண்டு பல்பை உள்ளே விட்டு, ஈரம் வெளியே போக வழி வைத்து, சாக்குப் போட்டு மூடி ஓர் இரவு வையுங்கள். காலையில் மெக்கரைப் பத்து நிமிஷம் விடாமல் வைத்து, முதல் நிமிஷ அளவும் பத்தாவது நிமிஷ அளவும் எடுங்கள். பத்தாவதை முதலால் வகுத்து வரும் விகிதம் 2-க்கு மேல் இருந்தால் ஈரம் போய்விட்டது. ஒன்றை ஒட்டியே நின்றால் இன்னும் ஈரமோ அழுக்கோ இருக்கிறது. முதல் நிமிஷத்திலேயே 5000 மெகா ஓமைத் தாண்டினால் இந்த விகிதத்தைப் பார்க்கத் தேவையில்லை.

26 நவம்பர் 2023, இரவு 9:05

நண்பர் புதுக் காயில் கட்டி ஓட்டுகிறார். கடையில் பழைய காயிலை விறகு வைத்து எரித்து எடுத்தார்களா என்று கேட்டேன். ஓவனில் வைத்ததாகச் சொன்னார்களாம். நல்லது. கோர் 370 டிகிரியைத் தாண்டினால் தகடுகளுக்கு நடுவே உள்ள பூச்சு கெடும், கோரே சூடேறும், புதுக் காயில் அந்தச் சூட்டில்தான் வாழ வேண்டும்.

394 வந்த லைனில் ஃபியூஸ் கேரியர் பிடிப்பு கறுத்துப்போயிருந்ததை மாற்றியபின் 406 வருகிறதாம். மற்ற இரண்டும் எவ்வளவு என்று எழுதவில்லை, எழுதுங்கள்.

கடைசியாகக் கேட்டது: சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டர் (ஒரு லைன் போனால் மோட்டாரை நிறுத்தும் பெட்டி) வோல்டேஜ் பார்க்கிற வகை வாங்கலாமா, கரன்ட் பார்க்கிற வகையா? கரன்ட். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரில் ஒரு லைன் போனால், அந்த முனையில் மோட்டாரே வோல்டேஜை உண்டாக்கிக் காட்டும். வோல்டேஜ் மட்டும் பார்க்கிற பெட்டி மூன்றும் இருக்கிறது என்று நினைத்து விட்டுவிடலாம். கரன்ட் பார்ப்பதில் அந்த ஏமாற்று நடக்காது. கண்டன்சரில் ஓட்டும் நேரத்துக்கு அது அடிக்கடி டிரிப் ஆகும். அப்போது பெட்டியை பைபாஸ் செய்யாமல் கண்டன்சரைச் சரிசெய்யுங்கள்.